நாலடிப் பலகையில் ஒரு ரயில் பாதை

தையல், பூவேலை, தபால்தலை சேகரித்தல், தோட்டம் போடுதல் என்று நம் தோழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொழுதுபோக்கு உண்டு. என்னிடம் கேட்பவர்களுக்கு நான், "ரயில் பாதை போடுவது" என்று பதில் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, "வட்டமாகச் சுற்றுமே, அந்தப் பொம்மை ரயிலா?" என்கிறார்கள். பொம்மை ரயில்தான். ஆனால் வட்டமாகச் சுற்றுவது அன்று. வேகன்களைச் சேர்ப்பது, பிரிப்பது, சரக்கு இறங்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது என்று ஒரு சிறிய கூட்ஸ் யார்டில் நடக்கும் வேலைகளையெல்லாம் செய்வது.

மேலை நாடுகளில் இது பெரியவர்களின் கலை. இதில் இரண்டு வகை உண்டு. உண்மையில் இருக்கும் ஒரு ஸ்டேஷனை அளந்து, அதை அப்படியே சிறிதாக்கிச் செய்வது ஒரு வகை. உலகில் எங்குமே இல்லாத ஒரு ரயில்வேயைத் தானாகக் கற்பனை செய்து அமைப்பது மற்றொரு வகை. இந்த இரண்டாவதை ஃப்ரீலான்ஸ் என்கிறார்கள். இல்லாத ஊருக்கு ரயில் விடுவதில் என்ன கஷ்டம், மனம் போனபடி போட்டுக்கொள்ளலாமே என்று நம் நூலக சிஸ்டர்கூட என்னைக் கேட்டார்கள். மனம் போனபடி போட முடியாது என்பதை எனக்குக் காட்டியவர் என் தாத்தா.

அப்பாவின் நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது, தம் மகன் விளையாடி முடித்த ரயில் பெட்டி ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார். அதில் 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளங்கள், இரண்டு பாயிண்ட்டுகள், ஒரு சிறிய எஞ்சின், மூன்று வேகன்கள் இருந்தன. பாயிண்ட் என்பது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம். பழைய புத்தகக் கடையில் அப்பா வாங்கி வந்த ஓர் ஆங்கில நூலில், இவ்வளவு கொஞ்சம் சாமான்களுக்கும் பொருந்தும் ஒரு வரைபடம் கிடைத்தது. அதன் பெயர் இங்கிள்நூக் சைடிங்ஸ். இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் என்பவர் அமைத்தது. நார்தம்பர்லாந்தில் கில்ஹாம் என்ற சிறிய ஸ்டேஷனில் இருந்த சரக்குப் பாதைகளைப் பார்த்து அவர் அதை வரைந்தாராம். 1887 இல் திறக்கப்பட்ட அந்த ஸ்டேஷனில் 1930 ஆம் ஆண்டோடு பயணிகள் ரயில் நின்றுவிட்டது. யாரும் ஏறி இறங்காத ஒரு ஸ்டேஷனின் மூன்று சைடிங்குகளை இன்றுவரை எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பேர் தம் வீட்டு மேசைமேல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேடிக்கையாக இல்லையா?

அந்த வரைபடம் மிக எளியது. மூன்று சைடிங்குகள். ஒன்றில் 5 வேகன்கள் நிற்கலாம். மற்ற இரண்டிலும் மூன்று மூன்று. மூன்றும் சேரும் தலைப்பாதையில் எஞ்சினும் 3 வேகன்களும் மட்டுமே நிற்க இடமுண்டு. தலைப்பாதைக்கு ரயில்வேயில் 'ஷண்டிங் நெக்' என்று பெயர் என்பது தாத்தா சொன்னது. மொத்தம் 8 வேகன்கள். சீட்டுக் குலுக்கி 5 வேகன்களை எடுக்க வேண்டும். எந்த வரிசையில் சீட்டு வந்ததோ அதே வரிசையில் அவற்றை நீளமான சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. எத்தனை விதமாக வரிசை அமையும் என்று கணித சிஸ்டரிடம் கேட்டேன். "முதல் சீட்டுக்கு 8 வழி, அடுத்ததற்கு 7, அப்படியே 6, 5, 4. பெருக்கிப் பார்" என்றார்கள். 6720 வந்தது. நாளுக்கு ஒன்று ஆடினாலும் 18 ஆண்டுகள் செல்லும்.

என் தாத்தா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து 2009 இல் ஓய்வு பெற்றவர். மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் செல்லும் பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷனில் நெடுங்காலம் வேலை பார்த்தார். 2010 ஆம் ஆண்டின் இறுதியோடு அங்கே மீட்டர் கேஜ் ரயில் நின்றது. அகலப் பாதை போடும் வேலை பல ஆண்டுகள் நடந்து, தேனிக்கு 2022 இலும், போடிக்கு 2023 இலும் மறுபடி ரயில் வந்தது. ஊருக்கு நல்லதுதான். ஆனால் தாத்தாவின் ஸ்டேஷனில் அவர் புழங்கிய கட்டடம் இப்போது இல்லை. கூட்ஸ் சைடிங் இருந்த இடத்தில் கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. நான் தண்டவாளத்தைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் தாத்தாவின் முகம் மலர்ந்தது.

"நம்ம ஸ்டேஷனச் செய் பாப்பா. எது எங்க இருந்துச்சுன்னு நான் ஒண்ணொண்ணாச் சொல்றேன்" என்றார்.

எனக்கும் ஆசைதான். கணக்குப் போட்டேன். மீட்டர் கேஜில் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம் 1000 மில்லிமீட்டர். என் தண்டவாளம் 16.5. ஆகவே ஏறக்குறைய 60 இல் ஒரு பங்கு. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் விலகிப் போவதற்கு அவர் ஸ்டேஷனில் இருந்த பாதையின் நீளம் சுமார் 300 மீட்டர் என்றார் தாத்தா. 60 ஆல் வகுத்தால் 5 மீட்டர், அதாவது 16 அடிக்கு மேல். எங்கள் கூடத்தின் நீளமே 12 அடி. எனக்குக் கிடைத்ததோ பழைய கதவிலிருந்து அறுத்த, 4 அடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் உள்ள பலகை.

"கொஞ்சம் சுருக்கிக்கயேன்" என்றார். சுருக்கி வரைந்து காட்டினேன். பிளாட்பாரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே நாற்பது எட்டு நடக்க வேண்டும். படத்தில் அவை ஒட்டிக்கொண்டு நின்றன. வேப்பமரம் கூட்ஸ் ஷெட்டின் கூரைக்குள் போயிற்று. கேட்டுக்காரர் வீட்டுக்கு இடமே இல்லை. தாத்தா வெகுநேரம் காகிதத்தைப் பார்த்தார். "இது நம்ம ஸ்டேஷன் இல்ல பாப்பா" என்று சொல்லிவிட்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் ரயிலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அந்த இரண்டு நாளில் நான் படித்த இரண்டு செய்திகளை இங்கே சொல்ல வேண்டும்.

தாமஸ் என்ற நீல நிற எஞ்சினை நம் தம்பி தங்கையர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். அதைப் படைத்தவர் வில்பர்ட் ஆட்ரி என்ற இங்கிலாந்து நாட்டு ஆங்கிலிக்கன் குருவானவர். தட்டம்மையில் படுத்திருந்த தம் மகனுக்குச் சொன்ன கதைகளிலிருந்து தொடங்கி, 1945 இல் முதல் நூலை வெளியிட்டார். "போன புத்தகத்தில் அப்படிச் சொன்னீர்களே, இதில் இப்படி வருகிறதே" என்று பிள்ளைகள் கடிதம் எழுதிக் கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே! ரயில் ஓடும் ஊர் எது, மலை எந்தப் பக்கம் என்பதையெல்லாம் அவர் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. 1950 இல் மான் தீவுக்குப் போனபோது, அங்குள்ள மேற்றிராணியாரின் பட்டம் 'சோடோர் மற்றும் மான்' என்பதை அறிந்தார். மான் தீவு இருக்கிறது. சோடோர் என்று ஒரு தீவு தேசப்படத்தில் இல்லை. உடனே, இங்கிலாந்துக்கும் மான் தீவுக்கும் இடையே உள்ள கடலில் சோடோரை அவரே வைத்துவிட்டார்! தம் சகோதரருடன் உட்கார்ந்து அதற்கு மலை, ஆறு, ஊர்கள், சரித்திரம் எல்லாம் எழுதினார். அந்தத் தீவின் கிளைப்பாதை ஒன்றை மாதிரி ரயிலாகவும் செய்து பொருட்காட்சிகளில் ஓட்டிக் காட்டினார். இல்லாத தீவுக்கு இவ்வளவு ஒழுங்கு!

மற்றவர் அமெரிக்காவில் டேட்டன் நகரைச் சேர்ந்த ஆலன் மெக்லெலண்ட். தம் வீட்டு நிலவறையில் 'வர்ஜீனியன் அண்ட் ஒஹையோ' என்ற கற்பனை ரயில்வேயை அமைத்தவர். அவர் சொன்ன கருத்துக்கு 'நிலவறைக்கு அப்பால்' என்று பெயர். மேசைமேல் தெரிவது ரயில்வேயில் ஒரு துண்டுதான். மேசை முடிகிற இடத்தில் ரயில்வே முடிந்துவிடுவதில்லை. ஓரத்தில் மறைகிற ரயில் எங்கோ ஓர் ஊருக்குப் போகிறது. அங்கிருந்து சரக்கோடு திரும்பி வருகிறது. அந்த ஊரைச் செய்ய வேண்டியதில்லை; அது இருக்கிறது என்று எண்ணி நடந்துகொண்டால் போதும்.

இதைப் படித்ததும் எனக்கு வழி தெரிந்தது. திண்ணைக்குப் போய் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தாத்தா, உங்க ஸ்டேஷன நான் செய்யப் போறதில்ல. அங்கிருந்து பிரிஞ்சு 3 கிலோமீட்டர் போற ஒரு கூட்ஸ் லைனைச் செய்யப் போறேன்."

"அப்படி ஒரு லைன் கிடையாதே பாப்பா."

"கிடையாது. நம்மதான் போடுறோம். பலகையோட ஓரத்துல ஒரு ரோட்டுப் பாலம் வரும். அதுக்குக் கீழே ரயில் போயிடும். உங்க ஸ்டேஷன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு."

தாத்தா கொஞ்ச நேரம் யோசித்தார். "வேப்பமரம்?"

"இருந்த இடத்துலயே இருக்கும், தாத்தா. நாற்பது எட்டும் அப்படியே இருக்கும்."

"சரி, பேப்பரக் கொண்டா" என்றார்.

எங்கள் ஊருக்குச் செங்கரடு என்று பெயர் வைத்தோம். பழுப்புக் காகிதத்தைப் பலகை அளவுக்கு வெட்டி விரித்து, வேகன்களையே அதன்மேல் வைத்து அளந்தோம். கொக்கியோடு ஒரு வேகன் 8 சென்டிமீட்டர். ஆகவே 5 வேகன் சைடிங்குக்கு 40, 3 வேகன் சைடிங்குக்கு 24. எஞ்சின் 12; அதனோடு 3 வேகன் சேர்த்து ஷண்டிங் நெக் 36. பாயிண்ட் ஒன்றுக்கு 17. எல்லாம் கூட்டினால் 94 தான் வந்தது. பலகை 122. இடம் தாராளம் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கையில் தாத்தா இரண்டு பாதைகள் பிரியும் இடத்தில் விரலை வைத்து, "இங்க வேகன நிறுத்தினா பக்கத்து லைன்ல வர்றது உரசும். ஃபௌலிங் மார்க் எங்க?" என்றார். இரண்டு வேகன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தள்ளிப் பார்த்து, உரசாத இடம் வரை 8 சென்டிமீட்டர் விட்டோம். கடைசியில் முட்டுக்கட்டைக்கு 4. ஆக 106. மீதி 16 பாலத்துக்கும் ஊர்ப் பலகைக்கும்.

நூலிலிருந்த வரைபடத்தில் இரண்டு பாயிண்ட்டுகளும் ஒரே பக்கமாகப் பிரிகின்றன. என் பெட்டியில் இருந்தவையோ ஒன்று இடக்கைப் பாயிண்ட், மற்றது வலக்கை. ஆகவே செங்கரட்டில் முதல் பாதை இடப்புறம் பிரியும், அடுத்தது வலப்புறம், நேர்பாதை நடுவில். முதலில் பிரிகிற பாதைக்குத்தான் அதிக நீளம் கிடைக்கிறது என்பதால் 5 வேகன் சைடிங் அதுவாயிற்று. விளையாட்டு ஒன்றும் கெடவில்லை. அச்சிட்ட வரைபடத்தில் எந்த அளவை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை. பக்கத்தை மாற்றலாம், 5, 3, 3 என்பதையும் நெக்கின் 36 சென்டிமீட்டரையும் மாற்றக்கூடாது. நெக்கை நீட்டினால் புதிரே இல்லை. அதனால் பாலத்தின் இருட்டுக்குள், யாருக்கும் தெரியாத இடத்தில், ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். எஞ்சின் அதைத் தாண்டாது.

அதன்பின் தாத்தா கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. "சரி, மூணு லைன் போட்டாச்சு. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு முதலாளி வேணுமே. யார் கேட்டு ரயில்வே இதப் போட்டுச்சு?"

நூலில் அதற்குப் பதில் இல்லை. நூலில் கோடுகள் மட்டுமே. தாத்தா தாமே பங்கிட்டுக் கொடுத்தார். நீளமான சைடிங்கில் கூட்ஸ் ஷெட். உப்பும் உரமும் சிமெண்ட்டும் வந்து இறங்கும். நடுச் சைடிங்குக்குப் பக்கத்தில் பஞ்சு அரைக்கும் ஜின்னிங் ஃபாக்டரி. எங்கள் பக்கத்தில் பருத்தி விளைகிறதால் இது பொருந்தும். அங்கே மாட்டு வண்டி வந்து திரும்ப இடம் வேண்டும் என்பதற்காகப் பாதையைச் சிறிது வளைக்கச் சொன்னார். வலச் சைடிங் ரயில்வேயின் சொந்த உபயோகத்துக்கு. ஜல்லியும் ஸ்லீப்பர் கட்டைகளும் அடுக்கும் இடம். முதலாளிகள் வந்த பிறகு எங்கள் சீட்டு விளையாட்டும் மாறிவிட்டது. முன்பு '4, 7, 1' என்று எண்கள். இப்போது 'உப்பு வேகன், காலி வேகன், பஞ்சு வேகன்' என்று பெயர்கள். உப்பு வேகன் ஜல்லியின் பக்கத்தில் நின்றால் தாத்தாவுக்குப் பொறுக்காது.

ஸ்டேஷன்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயரோடு கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்றும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செங்கரட்டுக்கு என்ன எழுதுவது? ஏதாவது ஓர் எண்ணை எழுத எனக்கு மனம் வரவில்லை. 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்று தாத்தா வைத்தார். 3 கிலோமீட்டருக்கு 6 மீட்டர். ஆகவே தாத்தாவின் ஸ்டேஷன் பலகையில் இருந்ததைவிட 6 கூடுதலாக எழுதினோம். எழுதி முடித்த கையோடு அவர், "அப்ப லைன் நம்ம ஸ்டேஷனப் பாத்துச் சரியுது. பிரேக் பிடிக்காத ஒரு வேகன் உருண்டா நேரே மெயின் லைனுக்கு வந்துருமே! டிராப் பாயிண்ட் போடு" என்றார். ஓடி வரும் வேகனைப் பாதையிலிருந்து இறக்கி மணலில் நிறுத்திவிடும் பாயிண்ட் அது. வேகன் ஒன்று போனாலும், எதிரே வருகிற ரயிலில் இருப்பவர்கள் பிழைப்பார்கள். என் பலகையோ தண்ணீர் மட்டம் வைத்துப் பார்த்துப் போட்டது. எந்த வேகனும் உருளப் போவதில்லை. ஆனாலும் பாலத்தை ஒட்டிக் கம்பித் துண்டில் டிராப் பாயிண்ட் செய்து, சலித்த மணல் கொட்டி வைத்திருக்கிறேன். பார்ப்பவர்கள் அது என்ன என்று கேட்டால் தாத்தாவே முன்வந்து விளக்குவார்.

கட்டடங்களையும் ஆட்களையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேகன்களின் பிளாஸ்டிக் உடலைக் கழற்றிவிட்டு, 60 இல் ஒரு பங்கு அளவில் கல்யாணப் பத்திரிகை அட்டையால் புதிய உடல் செய்தேன். ஐந்தரை அடி மனிதர் 28 மில்லிமீட்டர் உயரம். ஐந்து வேகன்களைச் சேமிப்புப் பணத்தில் வாங்க இரண்டு ஆண்டுகள் ஆயின. தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு மணியாக அடிப்பார்களே, அதற்குக் குண்டூசியின் தலையை நீக்கிவிட்டுத் தொங்கவிட்டேன்.

ஓட்டும் முறைக்கும் தாத்தா சட்டம் வைத்திருக்கிறார். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க, இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே போகும் டிரைவரிடம் ஓர் அத்தாட்சி இருக்க வேண்டும். அவர் காலத்தில் அது நீல் என்பவரின் பெயரால் வழங்கும் கருவியிலிருந்து வரும் இரும்புக் குண்டு. ஒரு நேரத்தில் ஒரு குண்டுதான் வெளியே எடுக்க முடியும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடும் எஞ்சினில் நிற்பவர் கையில் கோத்துக்கொள்ளும்படி தாத்தா தூக்கிப் பிடிப்பாராம். மழையிலும் இருட்டிலும் பிடித்திருக்கிறார். "செங்கரட்டு லைன்ல ஒரே ஒரு எஞ்சின்தான். அதுக்குக் குண்டு வேணாம், ஒரு கட்டை போதும். கட்டை இல்லாம எஞ்சின் நகராது" என்றார். சிவப்பு வர்ணம் அடித்த ஒரு பென்சில் துண்டுதான் எங்கள் கட்டை. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கன்ட்ரோலரைத் தொடலாம். இந்தச் சட்டம் வந்தபின் எனக்கும் தம்பிக்கும் சண்டை வெகுவாகக் குறைந்திருக்கிறது, அம்மாவே சொன்னார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஆட்டம் தொடங்கும். தம்பி சீட்டுக் குலுக்குவான். நான் எஞ்சின் ஓட்டுவேன். தாத்தா பாயிண்ட் மாற்றுவார். அது அவர் வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டார். ஐந்து வேகன்களும் வரிசைப்பட்டதும், நெக்கில் இடம் இல்லாததால் முதல் மூன்றை மட்டும் கோத்துக்கொண்டு எஞ்சின் பாலத்தின் கீழ் மெதுவாகப் போகும். ஆணியில் தட்டி நிற்கும் சிறிய சத்தம் கேட்கும். சிவப்புக் கட்டையைத் தாத்தா என் கையிலிருந்து வாங்கித் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பார். "அடுத்த சீட்டுப் போடலாமா தாத்தா?" என்று தம்பி அவசரப்படுவான்.

"கட்டை ரயிலோட போயிருக்குடா. 3 கிலோமீட்டர், சரக்கு வண்டி, மணிக்கு 15 போகும். பன்னண்டு நிமிஷம் ஆகும்" என்பார் தாத்தா.

பன்னிரண்டு நிமிடமும் நாங்கள் மூவரும் பாலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.